கதவுக்கு வைத்த கல்

தன் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் கல் ஆஸ்பத்திரி வரிசையில் கிடப்பதைப் பார்த்ததும் அவனுக்கு முதலில் வந்தது கோபம்தான். எந்தக் களவாணிப் பயல் இதைத் தூக்கிக்கொண்டு வந்தான்? வீட்டில் திருட வேறு எதுவும் இல்லை என்பது வாஸ்தவம். அதற்காகக் கல்லையா திருடுவது?

சந்தேகமே இல்லை, அது அவர்கள் வீட்டுக் கல்தான். வீட்டுக்காரர் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்த அன்று டப்பாவை அதன்மேல் வைத்ததில் ஒரு பச்சை வட்டம் விழுந்திருந்தது. தகரக் கதவு நெளிந்து, தாழ்ப்பாள் துருப்பிடித்து உதிர்ந்த நாளிலிருந்து அந்தக் கல்தான் அவர்களுக்குப் பூட்டு, காவல் எல்லாம்.

விடிந்தும் விடியாத நேரம். ஆஸ்பத்திரிச் சுவரோரம் ஒரு பழைய சாக்கில் படுத்திருந்தவன் அப்போதுதான் எழுந்து, வழக்கம்போல வரிசையை ஒரு நடை பார்த்துக்கொண்டு வந்தான். வரிசை என்றால் மனிதர்கள் இல்லை. செங்கல், ஓட்டைப் பெயிண்ட் டப்பா, தண்ணீர் ரொப்பிய பாட்டில், ஒற்றைச் செருப்பு. ராத்திரியே வந்து இடம் போட்டவர்கள் இவற்றை வைத்துவிட்டு அங்கங்கே சுருண்டிருந்தார்கள். சிலர் வீட்டுக்கும் போயிருந்தார்கள்.

வரிசையில் நிற்பதும் ஒரு பிழைப்பு என்று அவனுக்குத் தெரிந்தது எண்ணெய் மில் மூடிய பிறகுதான். மில்லில் மூட்டை தூக்கியவன். மூடியதும் ஊரில் தூக்குவதற்கு மூட்டையே இல்லாமல் போயிற்று. பஸ் ஸ்டாண்டில் பெட்டி தூக்கப் போனால் அங்கே பெட்டியை விடத் தூக்குகிறவர்கள் அதிகம். அப்போதுதான் கடைக்காரர் ஒருவர் தனக்காக பேங்கில் கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னார். நின்றான். பிறகு ஆஸ்பத்திரி, கரண்ட் ஆபீஸ், பத்திரப் பதிவு என்று எங்கே வரிசை இருந்ததோ அங்கெல்லாம் நின்றான். இப்போது ஊரே அவனை வரிசைக்காரன் என்றுதான் கூப்பிடுகிறது. அவன் மனைவி சட்டைக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறாள். அவள் வெட்டுவதற்கும் அவன் நிற்பதற்கும் சேர்த்து ஒரு வீடு ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம்தான்.

வியாழக்கிழமை வரிசை கட்டி டாக்டருக்கானது. கழுத்து, தொண்டை, உடம்பில் எங்கே கட்டி இருந்தாலும் பார்ப்பவர். பெரிய ஊரிலிருந்து வாரம் ஒருமுறை வருவார், முப்பது பேரைப் பார்ப்பார், போய்விடுவார். எட்டு மணிக்கு ஜன்னல் திறக்கும்போது கல் இருந்து ஆள் இல்லை என்றால், அந்தக் கல்லைக் காலால் எத்தித் தள்ளிவிடலாம். அதுதான் சட்டம். எத்துகிற வேலையை எல்லோரும் வரிசைக்காரனிடம் விட்டிருந்தார்கள். அவன் ஒருபக்கம் சாய மாட்டான் என்ற பெயர். போன வருஷம் ஒருத்தன் தன் செங்கல்லை நைசாக முன்னால் நகர்த்தியபோது அதைத் தூக்கி மறுபடி பழைய இடத்தில் வைத்தவன் இவன்தான். "பொண்டாட்டிக்கு ரொம்ப முடியலண்ணே" என்றான் அந்த ஆள். "ஊர்ல உன் பொண்டாட்டிக்கு மட்டும்தான் நோவா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான் இவன். சிரித்தார்கள். அந்த ஆள் தன் செங்கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

கல்லைத் திருடியவன் அதை எதற்குக் கட்டி டாக்டர் வரிசையில் கொண்டுவந்து வைக்க வேண்டும்?

இந்தக் கேள்வி வந்த பிறகுதான் அவனுக்கு முழுசாகத் தூக்கம் கலைந்தது. ஒரு மாதமாகவோ அதற்கு மேலோ அவன் மனைவி கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். சமைக்கும்போதும், படுக்கும்போதும். கேட்டதற்கு, கம்பெனியில் காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்கிறேன், குளிருகிறது என்றாள். "என்ன, சினிமாவுல கூப்ட்டுட்டாங்களா?" என்று தினமும் கிண்டல் செய்துகொண்டிருந்தான். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை எண்ணினான். சந்தேகம் வந்து இன்னொரு முறை எண்ணினான். முப்பத்து மூன்றாவது இடம்.

அவனுடைய செங்கல் நான்காவதாக இருந்தது. அது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்காகப் போட்ட இடம். குனிந்தான். வீட்டுக் கல்லைத் தூக்கினான். தூக்கிய பிறகுதான் தூக்கியிருக்கிறோம் என்பதே தெரிந்தது.

"கல்ல எங்கண்ணே தூக்கிட்டுப் போறீங்க?" என்றாள் ரேடியோ.

அவளும் அவனைப் போல வரிசையில் நிற்கிறவள். வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். சுவரில் சாய்ந்து தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கூந்தலிலேயே விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒட்டகம் என்கிற நெட்டையனும் எழுந்து உட்கார்ந்தான்.

"சும்மா. கனம் பாத்தேன்."

"மாப்ளைக்குக் காலங்காத்தால எடை தூக்குற பயிற்சி" என்றான் ஒட்டகம்.

வரிசைக்காரன் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தான். பச்சை வட்டம் மேலே வரும்படி வைத்தான். சாம்பல் நிற மண்ணில் முன்பு இருந்த பள்ளத்திலேயே அது பொருந்தியது.

"யாரு வெச்சது இத?" என்று கேட்டான்.

"ஒரு பொம்பள. நீங்க குறட்டை விட்டுட்டிருந்தப்ப வந்துச்சு. குழந்தையத் தூக்கிட்டு வர்ற மாதிரி இடுப்புல வெச்சுத் தூக்கிட்டு வந்துச்சுண்ணே. ஏம்மா, ஒரு செருப்ப விட்டா போதாதான்னேன். பெருசா இருந்தா யாரும் நகத்த மாட்டாங்கல்லன்னுச்சு. வெச்சுட்டு உங்களையே கொஞ்ச நேரம் பாத்துச்சு. அப்புறம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போச்சு."

அவன் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனான். கடைசித் தூணுக்குப் பின்னால், கூரை நிழலில், அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து ஓடுவதா, அப்படியே இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றாள்.

"கதவுக்கு என்ன வெச்ச?" என்றான் அவன்.

"வாளிய வெச்சேன். தண்ணி ரொப்பி."

"நாய் தள்ளிட்டு உள்ள போவும்."

"போனா போவட்டும். உள்ள என்ன இருக்கு அதுக்கு?"

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஏதாவது திட்ட வேண்டும்போல இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று பிடிபடவில்லை.

"எட்டு மணிக்குள்ள வேன்காரர் வந்துடுவாரு, அவர நிக்க வெச்சுட்டு நீங்க பேங்குக்குப் போயிடுவீங்க, அப்புறம் நான் போய் நின்னுக்கலாம்னு இருந்தேன்" என்றாள் அவள். "எப்பவும் ஜன்னல் திறந்ததும் போயிடுவேன்னு நீங்கதான சொல்வீங்க."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா தூங்க மாட்டீங்க. தூங்காத ஆளு எப்படி நிப்பீங்க?"

"காட்டு."

"இங்க வேணாம்."

"காட்டும்மா."

அவள் துணியைத் தளர்த்தினாள். தாடைக்குக் கீழே, இடது பக்கம், ஒரு புளியங்கொட்டை அளவுக்கு. அவ்வளவு சின்னது. அவன் விரலை அதன் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டான்.

"வலிக்குதா?"

"வலிச்சிருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன். வலிக்கல. அதான் பயமா இருக்கு. கம்பெனில ஒருத்தி சொன்னா, வலிக்காததுதான் மோசமாம்."

"கம்பெனில நூல் வெட்டுறவ டாக்டரா?"

"அவளாச்சும் பாத்தா" என்றாள் அவள். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "வேன்காரர் இடத்த எனக்குத் தரலாம்னு நெனைக்காதீங்க. அவருக்குப் போன வாரம் ஊசி போட்டுத் துண்டு எடுத்திருக்காங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. இன்னைக்குதான் என்னன்னு சொல்லப் போறாங்க."

அந்த இடத்தை நினைத்துக்கொண்டுதான் அவன் இங்கே வந்திருந்தான். அவள் அதையும் எடுத்துவிட்டாள்.

வேன்காரர் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவசரமாக வந்தார். உதடு காய்ந்திருந்தது. "தம்பி, எத்தனாவது?" என்றார். அவன் நாலு விரலைக் காட்டினான். அவர் போய்ச் செங்கல்லை ஓரமாக வைத்துவிட்டு அங்கே நின்றார். சட்டைப் பொத்தானை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். இவரிடம் என்ன கேட்பது?

அவன் பேங்குக்குப் போகவில்லை. ரேடியோ விஷயத்தை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். "நான் இடம் போட்ட ஆளு வந்து நிக்குதேண்ணே, இல்லன்னா குடுத்திருப்பேன்" என்றாள். முதல்முறையாக மெதுவாகப் பேசினாள். ஒட்டகத்தின் ஆளும் வந்தாயிற்று. கல் எல்லாம் ஒவ்வொன்றாக மனிதர்களாக மாறிக்கொண்டிருந்தன. கடைசியில் மூன்றுதான் மிச்சம்: பெயிண்ட் டப்பா, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு. மூன்றும் மனைவியின் கல்லுக்கு நேர் முன்னால். மூன்றையும் எத்தினால் அவள் முப்பதாவது ஆள்.

ஜன்னல் பலகை கிறீச்சென்று மேலே போயிற்று. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பெயிண்ட் டப்பாவை எத்தினான். அது உருண்டு சாக்கடையில் விழுந்தது. பாட்டிலை எத்தினான். செருப்புக்கு வந்தான். நீலவார் போட்ட, குதிகால் தேய்ந்த ஆண் செருப்பு. காலைத் தூக்கியவன் வாசல் பக்கம் சைக்கிள் மணி கேட்டு நிமிர்ந்தான்.

ஒரு இளைஞன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். கேரியரில் அவன் அம்மா, தொண்டையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மகனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவனுடைய ஒரு காலில் நீலவார்ச் செருப்பு. இன்னொரு கால் வெறும் கால். அந்தப் பக்கம் இவன் ஒருவனைத் தவிர யாரும் பார்க்கவில்லை. எத்துவதற்கு ஒரு நொடி போதும். ஜன்னல் திறந்துவிட்டது, சட்டமும் அவன் பக்கம்தான்.

அவன் மனைவி கல்லுக்குப் பக்கத்தில் நின்று கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"தம்பி, ஓடியா" என்று கத்தினான் வரிசைக்காரன். "செருப்பு இங்க இருக்கு. ஓடியா."

முப்பதாவது சீட்டை அந்த அம்மாள் வாங்கினாள். பலகை கீழே இறங்கியது. அவன் மனைவியின் நெற்றிக்கு ஒரு முழம் முன்னால்.

கூட்டம் கலைந்தது. இருவரும் கல்லின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"கூப்ட்டுட்டீங்களே" என்றாள் அவள்.

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"ஒண்ணும் சொல்லல. கூப்பிடாம இருந்திருந்தா மூணு நாளைக்குச் சோறு எறங்காம மோட்டுவளையப் பாத்து உக்காந்திருப்பீங்க. அதையும் நான்தான் பாக்கணும். அதுக்கு இது தேவல."

அவன் கல்லைத் தூக்கக் குனிந்தான். "விடுங்கண்ணே" என்றாள் ரேடியோ. கல்லைக் காலால் நெட்டித் தள்ளிக்கொண்டுபோய், ஜன்னலுக்கு நேர் கீழே, முதல் இடத்தில் நிறுத்தினாள். "அடுத்த வாரத்துக்கு வரிசை இங்க ஆரம்பிக்குது."

"ஒரு வாரம் முன்னாடி யாரு வரிசை போடுவா?" என்றான் அவன்.

"நாங்க போடுவோம். தினம் நானோ ஒட்டகமோ இங்கதான் கெடக்கோம். பெருக்குற அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன். யாராச்சும் கைய வெக்கட்டும், பாக்கறேன்."

"ஒட்டகம் இருக்கப் பயம் எதுக்கு, மாப்ள?" என்றான் நெட்டையன்.

அந்த வாரம் முழுக்க வாளிதான் கதவைப் பிடித்தது. இரண்டு தடவை நாய் தள்ளிவிட்டுத் தண்ணீர் வீடெல்லாம் ஓடியது. இரண்டு தடவையும் அவன் முழித்துத்தான் இருந்தான். எழுந்து துடைத்துவிட்டு வந்து, அவள் மூச்சு விடுகிறதைக் கேட்டபடி படுத்துக்கொண்டான். வேன்காரருக்கு ஒன்றும் இல்லை, வெறும் கொழுப்புக் கட்டியாம் என்று தெரிந்த அன்று அவள் அவரைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டாள்.

அடுத்த வியாழன் அவன் யாருக்காகவும் இடம் போடவில்லை. பலகை மேலே போனபோது அவனும் அவளும் முதல் ஆளாக நின்றார்கள். இத்தனை வருஷம் நின்றவன் ஜன்னலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தான். ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, கண்ணாடி போட்ட ஒரு ஆள்.

"வயசு?" என்றார் அந்த ஆள்.

அவன் அவளைப் பார்த்தான். "முப்பத்தெட்டு" என்றான்.

"நாப்பத்தொண்ணு" என்றாள் அவள்.

"கட்டி எத்தன நாளா?"

இதற்கும் அவன்தான் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

"நாலு மாசம்" என்றாள் அவள், அவன் பக்கம் திரும்பாமல்.

உள்ளே போகும்முன் கழுத்துத் துணியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். அது சூடாக இருந்தது. அதை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். நிற்பது அவன் தொழில். அன்று கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றாள். "வேலைதான் முடிஞ்சுச்சுல்ல, இந்தக் கல்லத் தூக்கி அந்தாண்ட போடேன். ஒரு வாரமா இதச் சுத்திச் சுத்திப் பெருக்கறேன்."

"அது கல்லு இல்லக்கா" என்றான் அவன். "எங்க வீட்டுக் கதவு. அவ வந்ததும் எடுத்துட்டுப் போயிடறோம்."

அக்கா அவன் கையில் இருந்த துணியைப் பார்த்தாள். பிறகு கல்லைச் சுற்றி, அவன் காலைச் சுற்றி, பெருக்கிக்கொண்டு போனாள்.