முதல்தர நாலு ஓட்டம்

மார்ச் 12, வியாழன். இன்று ஒரு சிறு பிழை விட்டேன். இலக்கணத்தில் பிழையே இல்லை. அதுதான் பிழை.

இத்தாலிய மாலை வகுப்பு ஆசிரியை தினமும் நாலு வரி எழுதச் சொன்னதால் நாட்குறிப்பு தொடங்கியவன் ஜெனிஸ்டன். முதலில் தமிழில் எழுதிச் சரிபார்த்துவிட்டுத்தான் இத்தாலியத்துக்கு மாற்றுவான். அன்று தமிழையே மூன்று முறை வெட்டினான்.

விஷயம் இதுதான். நகரின் பொலித்தெயாமா சதுக்கத்துப் பக்கம் தனியே வசிக்கும் பென்லோ என்ற இங்கிலாந்துக்காரரைப் பகலில் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அவர் இளவயதில் கவுண்டி எனப்படும் மாவட்ட அணி ஒன்றுக்குக் கிரிக்கெட் ஆடியவர். மனைவி இறந்த பிறகு எந்த அழைப்புக்கும் போகாதவர், தமிழர்களின் பங்குக் கோயில் ஞாயிறு நடத்தும் கிரிக்கெட் போட்டியில் பரிசு கொடுக்கச் சம்மதித்து, கோட்டைக்கூடச் சலவைக்குக் கொடுத்திருந்தார்.

போட்டிக்கு நோட்டீஸ் எழுதியவன் ஜெனிஸ்டன். கவுண்டிகள் ஆடும் பலநாள் ஆட்டத்துக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் வைத்த பெயர் முதல்தரப் போட்டி. அதைத் தேடி உறுதிசெய்துகொண்டு, ‘முன்னாள் முதல்தர வீரர்’ என்று முத்து முத்தாக எழுதினான். வாசித்தவர்களோ, கடைக்காரன் அரிசிக்குச் சொல்லும் முதல்தரம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

போர்கோ வெக்கியோ சந்தையில் மீன் வெட்டும் பிறின்ஸ்தான் பங்கு அணியின் தலைவன். நோட்டீஸைப் பார்த்த சந்தோஷத்தில் அவன் கத்தியோடு குதித்தான்.

“டேய் ஜெனி, ஞாயிறு உன்ர கிழவனைத்தான் முதல்ல இறக்கிறன். வங்காளப் பெடியளிட்டை டாக்கா லீக் ஆடினவன் ஒருத்தன் இருக்கிறானாம். எங்களிட்டை முதல்தரம்!”

“அண்ணை, அவருக்கு எழுபத்தெட்டு வயசு.”

“ஓட வேண்டாம், நிண்டு சிக்ஸ் அடிக்கட்டும். எத்தினை செஞ்சரி அடிச்சவர்?”

ஜெனிஸ்டன் இருமினான். இரண்டு ஆட்டம், மூன்று இன்னிங்ஸ், மொத்தம் நாலு ஓட்டம். அதுவும் மட்டையின் விளிம்பில் பட்டு ஓடிய பந்து.

“கேட்டுச் சொல்லுறன்” என்று நழுவினான்.

கிழவரிடம் இதைச் சொன்னால், தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து வராமலே விடுவார். சொல்லாவிட்டால் பங்குச் சனம் முழுக்கப் பார்க்க முட்டை போடுவார். இரண்டில் எது குறைந்த பாவம் என்று யோசித்ததில் சூப்பு அடிப்பிடித்தது. அதைப் பரிமாறியபடியே எல்லாவற்றையும் ஒப்புவித்தான்.

பென்லோ கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“எங்கள் கவுண்டிக் கப்டனும் இதே பிழைதான் விட்டார், ஜெனி. கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு ஆட்டம் பிடித்தது.”

பிறகு கரண்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “அப்படியென்றால், நான் வர வேண்டாமா?”

“வரவேணும், சிஞ்ஞோர்.”

“நாலு ஓட்டம் என்று அவர்களிடம் சொல். அதற்குப் பிறகும் கூப்பிட்டால் வருகிறேன். பரிசு கொடுக்க மட்டும்.” கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “யாராவது மட்டையை நீட்டினால், வேண்டாம் என்று சொல்லமாட்டேன்” என்றார்.

ஜெனிஸ்டன் அன்றைய நாட்குறிப்பின் கடைசி வரியை வெட்டாமல் எழுதினான்.

நாளை: வகுப்புக்கு முன் சந்தைக்குப் போய், நாலு ஓட்டம்தான் என்று பிறின்ஸ் அண்ணையிடம் நேரில் சொல்வது.