ப்ளஸ் விழாத கீபோர்டு

அந்தக் கீபோர்டை வாங்கிப் போட்டவர் மேனேஜர். சிக்கனம் என்று அவர் சொல்லிக்கொள்வார். கடைந்தெடுத்த கஞ்சத்தனம் என்று லேபில் மற்றவர்கள் சொல்வார்கள். ஓரத்தில் எண் பட்டன்கள்கூட இல்லாத குட்டிக் கீபோர்டு. வலது பக்க ஷிப்ட் வந்த சூட்டிலேயே கழன்று விழுந்தது. இடது பக்க ஷிப்ட்டின் மேல் டீயைக் கொட்டியதும் அந்தப் புண்ணியவான்தான். அதன்பிறகு கட்டை விரலால் குத்தினாலும் அது அசையவில்லை. பெரிய எழுத்துக்கு வேறு பட்டன் இருந்தது. சதவீதக் குறியை வார்த்தையாக எழுதிச் சமாளித்தார்கள். ப்ளஸ்ஸுக்குத்தான் போக்கிடமில்லை. இரண்டுக்கும் ஒரே பட்டன்: ஷிப்ட்டோடு அமுக்கினால் ப்ளஸ், ஷிப்ட் இல்லாமல் அமுக்கினால் சமக்குறி. ரத்தம் பார்க்கிற லேபில் ப்ளஸ் இல்லாமல் என்ன பிழைப்பு? பாசிட்டிவ் என்று வார்த்தையில் அடிக்கலாமென்றால், ரத்த வகைக்கான கட்டம் மூன்று எழுத்துக்கு மேல் ஏற்காது.

அவள் அங்கே மூத்த டைப்பிஸ்ட். ஆரம்பத்தில் ஏதாவது பழைய ரிப்போர்ட்டைத் திறந்து, அதிலிருந்த ப்ளஸ்ஸைக் காப்பி எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் கவுண்டரில் கூட்டம் சேர்ந்துவிடும். மேனேஜர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, சமக்குறியையே அடித்துத் தள்ளச் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்க்கிற டாக்டர்கள் எல்லாம் நம் ஆட்கள்தான், ஃபோனில் ஒரு வார்த்தை போட்டால் முடிந்தது என்றார். போட்டார். அவர்களும் தலையாட்டினார்கள். ஆக, அந்த லேபில் சமக்குறி என்றால் பாசிட்டிவ் என்று ஆகிப்போனது.

அவள் புதுக் கீபோர்டு கேட்டாள். அடுத்த மாதம் என்றார். அடுத்த மாதமும் கேட்டாள். வேலை தெரிந்தவளுக்கு இதெல்லாம் ஒரு குறையா என்று பல்லைக் காட்டினார். அதோடு அவளுக்கு வெறுத்துப் போய்விட்டது. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு முதல் நாளே அவள்தான் பாடம் எடுத்தாள்: இங்கே ப்ளஸ்ஸுக்குச் சமக்குறி, கையைப் பழக்கிக்கொள்.

அவள் லீவில் இருந்த ஒரு நாளில் அவளுடைய தம்பி சாரத்திலிருந்து விழுந்தான். கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் கால் பிழைக்கும், ஆனால் ரத்தம் கையில் இல்லாமல் கத்தி வைக்க மாட்டேன் என்றார் டாக்டர். அவன் ரத்தம் என்ன வகையென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பரிசோதனைக்கு அவளுடைய லேபுக்கே அனுப்பினார்கள். புதுப் பெண் பழக்கப்படி அடித்தாள்: பி, சமக்குறி. டாக்டரோ அந்த ஆஸ்பத்திரிக்குப் புதியவர். மேனேஜரின் ஃபோன் அவருக்கு வரவில்லை. மங்கிய மையில் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகத் தெரிய, நெகட்டிவ் என்று எழுதிவிட்டார்.

அவள் அலறிப் புடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அம்மா வாசலிலேயே துண்டுச் சீட்டோடு நின்றாள். பி நெகட்டிவ். அதை வாங்கிக்கொண்டு, தம்பி முகத்தைக்கூடப் பார்க்காமல் அப்படியே திரும்பி ஓடினாள். ஒரு ரத்த வங்கியில் இல்லை என்றார்கள். இன்னொன்றில் நாளைக்கு வரலாம் என்றார்கள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் ஃபோன் அடித்தாள். தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியாகப் போன இடத்தில் கவுண்டர்காரர் அவளைப் பாவமாகப் பார்த்தார்.

"பாசிட்டிவ்னா இப்பவே எடுத்துக் குடுத்துடுவேம்மா. அலமாரி நிறைய அடுக்கி வச்சிருக்கேன்."

வெறுங்கையோடு திரும்பினாள். தம்பி கண்ணை மூடிக் கிடந்தான். காலைத் தொட்டுப் பார்த்தாள், பாதம் ஜில்லென்றிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் ரிப்போர்ட் தொங்கியது. தலைப்பில் அவளுடைய லேப். கட்டத்தில் பி. பக்கத்தில் அந்தப் பாழாய்ப்போன குறி. காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள்.

"இது பாசிட்டிவ், சார். எங்க கீபோர்டுல ப்ளஸ் விழாது."

டாக்டர் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்புறம் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பாசிட்டிவ்தான். ரத்தம் ஓடி வந்தது, ஆபரேஷனும் நடந்தது. கால்தான் காத்திருக்கவில்லை. முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் அவள் லேபுக்குள் காலடி வைத்தபோது மேஜையில் பளபளவென்று புதுக் கீபோர்டு உட்கார்ந்திருந்தது. எண் பட்டன்களோடு, நீளமாக. அவள் நின்றபடியே ஷிப்ட்டை அமுக்கித் தட்டினாள். திரையில் ப்ளஸ் வந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தபோது உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தம்பியைப் பற்றி ரொம்ப மரியாதையாக விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். புதுப் பெண் தவறாக அடித்துவிட்டாள் என்று அவளிடமே எழுதி வாங்கியாயிற்றாம். இன்றோடு அவளை அனுப்பிவிடலாமாம். விஷயம் வெளியே போகாமலிருந்தால் எல்லோருக்கும் நல்லதாம். சுவரோரமாக அந்தப் பெண் அழுது வீங்கிய கண்களோடு நின்றாள்.

"அவ தப்பா அடிக்கல சார். நான் சொல்லிக் குடுத்த மாதிரி அடிச்சா. நீங்க சொன்ன மாதிரி நான் சொல்லிக் குடுத்தேன். என் தம்பி காலு போச்சு. இப்ப இந்தப் பொண்ணோட சோத்துலயும் மண்ணள்ளிப் போடணுமா?"

மேனேஜர் என்னவோ முணுமுணுத்தார். அவள் காதில் வாங்கவில்லை. நேராகக் குப்பைக் கூடையிடம் போய், டீக்கறை படிந்த பழைய கீபோர்டை உருவி எடுத்துப் பைக்குள் திணித்தாள். அதைக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டே அவர் வாசல்வரை பின்னால் வந்தார். குப்பையில் போட்டதற்குச் சொந்தம் கொண்டாட வெட்கமாக இல்லையா என்று நடுத்தெருவில் சத்தமாகவே கேட்டுவிட்டு நடந்தாள்.

தம்பி விழித்திருந்தான். அவனிடம் மறைக்க மனம் வரவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, மேனேஜரை வாயில் வந்தபடியெல்லாம் திட்டித் தீர்த்து, கீபோர்டை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள். நகக்கண்ணில் பெயிண்ட் ஒட்டியிருந்த விரலால் அவன் அந்தச் செத்த பட்டனை ஒருமுறை அமுக்கிப் பார்த்தான்.

"இது புதுசு என்ன விலைக்கா?"

சொன்னாள். அவனுடைய ஒரு நாள் கூலியில் பாதிகூட வராது. அவன் போர்வை தட்டையாகிக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வாங்கிக் குடுத்திருப்பேனேக்கா."

அவன் என்ன வாங்கிக் கொடுப்பது, அவளே வாங்கியிருக்கலாம். அந்தக் கஞ்சனுக்கு நான் ஏன் தண்டம் அழவேண்டும் என்ற வீம்பில் இத்தனை நாள் அடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மேனேஜர் மேல் இருந்த ஆத்திரம் கொஞ்சமும் குறையவில்லை. அதே அளவு ஆத்திரம் இப்போது தன் மேலும் வந்தது. கீபோர்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். அங்கே அவள் இரண்டு பெயர்களைச் சொல்லப் போகிறாள், மேனேஜருடையதும் தன்னுடையதும்.