திரும்பும் தேதி

வங்கி இயந்திரம் அட்டையைத் துப்பியது. பணம் வரவில்லை. வெர்னா மறுபடியும் செருகினாள். உங்கள் நாட்டு டாலருக்கு மாற்றிக் கணக்கில் கழிக்கட்டுமா என்று திரை கேட்டது. வேண்டாம் என்பதை அழுத்தினாள். வேண்டும் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தில் தலையில் மிளகாய் அரைத்துவிடுவான் என்பது அவள் கணவர் லைலின் உபதேசம். மெக்சிகோவின் மாசட்லானுக்கு வந்த இருபது குளிர்காலத்திலும் அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. இந்த முறையும் அட்டை மட்டும்தான் திரும்பி வந்தது.

லைல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடற்கரை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இன்று வியாழன். வெர்னா இன்னும் அழவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருந்தது மனசு, கிள்ளினாலும் தெரியவில்லை. ஊரில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னது இங்கே பக்கத்து வீட்டில் தங்கியிருந்த டோரீன்தான். அந்த வார்த்தை வெர்னாவின் வாயிலிருந்து ஒருமுறைகூட வரவில்லை.

தகனக்கூடத்து ரோஹெலியோ தன்மையான மனிதர்தான். ஆனால் பெசோவாக, ரொக்கமாக வேண்டும் என்றார். "நாளைக்குக் காலைல கட்டிடுங்கம்மா. விட்டா அடுத்து திங்கக்கிழமைதான்." புதன்கிழமை விமானத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றியாகிவிட்டது. லைலின் சாம்பலை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும், அவரை இங்கே குளிர் அறையில் தனியாக விட்டுப் போக முடியாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். டோரீன் கொடுத்தது, கைப்பையில் இருந்த கனடா டாலரை மாற்றியது எல்லாம் சேர்ந்தும் பாதிதான் தேறியது. ஊரிலிருந்து அனுப்பச் சொன்னாலும் திங்கட்கிழமைதான் வரும்.

காரணத்தை டோரீன் கண்டுபிடித்தாள். "புதன்கிழமை திரும்பிடுவோம்னு பேங்க்ல சொல்லி வச்சிருப்பாருடி. புதன் தாண்டிடுச்சு, அட்டைய நிறுத்திட்டான். மனுஷன் ஒரு வாரம் சேத்துச் சொன்னா கொறஞ்சா போயிடுவாரு?"

குளிருக்குப் பயந்து கனடாவிலிருந்து ஓடிவருகிறவர்கள் எல்லோரும், வெளிநாட்டில் அட்டை வேலை செய்ய, வங்கிக்குத் தேதி சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். பாதிப் பேர் தாராளமாக ஒரு மாதம் கூட்டிச் சொல்லுவார்கள். லைல் அப்படி இல்லை, கறார் பேர்வழி. போகும் நாள், வரும் நாள், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது.

"நல்லாக் கேட்டுக்கோ," என்றாள் டோரீன். "அவர் போயிட்டார்னு மட்டும் வாயத் தொறந்துடாத. கணக்கு அவர் பேர்ல இருக்கு. உன் கைல இருக்கிறது சும்மா கூடுதல் அட்டை. சொன்ன அடுத்த நிமிஷம் மொத்தமா முடக்கிடுவான். இன்னும் ரெண்டு நாள் தங்குறோம்னு சொல்லு, போதும்."

"சரி, சொல்றேன்."

வெர்னா வங்கிக்குப் போன் போட்டாள். சின்னப் பெண் குரல். பெயர், பிறந்த தேதி, கனடாவில் மூஸ்ஜா ஊர் வீட்டு முகவரி எல்லாவற்றையும் வெர்னா பிசிறில்லாமல் சொன்னாள். டோரீன் பக்கத்திலிருந்து தலையாட்டினாள்.

"பயணத்த நீட்டிக்கணும், அவ்வளவுதானே மேடம்? இதுல ரெண்டு பேர் இருக்கீங்க. நீங்களும் லைல் சாரும் என்னைக்குத் திரும்புறீங்க?"

"நான் சனிக்கிழமை."

"சார்?"

பொய் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. "அவர் செத்துப்போயிட்டார்," என்றாள் வெர்னா. "செவ்வாய்க்கிழமை."

டோரீன் தலையில் கைவைத்துக்கொண்டாள். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. எல்லாம் போச்சு என்று வெர்னாவுக்குத் தெரிந்தது. அப்போதும் ஒன்றும் வலிக்கவில்லை.

"மேடம்." குரல் இறங்கியிருந்தது. "நீங்க இப்ப சொன்னத எழுத இந்தப் பக்கத்துல இடமே இல்ல. தேதிய மட்டுந்தான் கேக்குது, தேதி போட்டாத்தான் அட்டை தொறக்கும். மத்தத ஊருக்கு வந்து நேர்ல சொல்லிக்கலாம்." தட்டச்சுச் சத்தம் திரும்பக் கேட்டது. "மறுபடி மொதல்லேருந்து கேக்கறேன். நீங்களும் சாரும் என்னைக்கு வர்றீங்க?"

அந்தப் பெண் தன் வேலையைப் பணயம் வைத்துக் கேட்கிறாள் என்பது வெர்னாவுக்குப் புரிந்தது. இரண்டு நாள் கழித்து இப்போதுதான் வெளியே வந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க வேண்டும்.

"சனிக்கிழமை," என்றாள். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வர்றோம்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.