மஞ்சள் மேலங்கி

"இனிமே நீ எப்பவும் கடைசிலதான் வரணும், ஹெதர்."

"எப்பவுமா?"

"எப்பவும். நீ பின்னாடி இருக்கேன்னு தெரிஞ்சாத்தான் நான் மறுபடி வண்டில ஏறவே முடியும்."

"சரி."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மெல்பர்னில் ஓர் ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில் நடந்த பேச்சு அது. லாயிடின் இடுப்பெலும்பை இரும்புச் சட்டம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அவன் சாப்பிடாமல் விட்ட ஜெல்லியைக் கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டுக்கொண்டே ஹெதர் சரி என்றாள். வரும்போது பால் வாங்கி வா என்றால் எப்படிச் சொல்வாளோ அப்படி. அன்றைக்கு அவன் எதைக் கேட்டிருந்தாலும் அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். உயிரோடு இருந்து கேட்கிறானே, அது போதும் என்றிருந்தது.

ஓமியோ என்ற மலையூரிலிருந்து இறங்கும் பாதையில், மழை அடித்துக்கொண்டு வந்து போட்ட சரளையில் அவன் வண்டி சறுக்கிச் சாலைக்கு வெளியே போய்விட்டது. அவர்களுடைய மோட்டார் சைக்கிள் கிளப்பின் முன்னோடி, எல்லோருக்கும் முன்னால் போய் வழி காட்டுபவன், அவன்தான். பின்னால் வந்த பன்னிரண்டு வண்டிகளும், லாயிட் நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறான் என்ற நம்பிக்கையில் அந்த வளைவைத் தாண்டிப் போய்விட்டன. ஹெதரின் வண்டி பழசு, மெதுவாகத்தான் போகும், அதனால் அன்று தற்செயலாகக் கடைசியில் வந்தாள். சரளையில் புதிதாக இழுத்த ஒரு கோட்டையும், புதரில் தொங்கிய ஒற்றைக் கையுறையையும் அவள்தான் பார்த்தாள்.

அதன் பிறகு கிளப்பின் மஞ்சள் மேலங்கி அவளுடையதாகிவிட்டது. கடைசி வண்டிக்காரருக்கான மேலங்கி அது. திருப்பம் வந்தால், முன்னோடிக்கு அடுத்து வருபவர் அங்கே நின்று மற்றவர்களுக்கு வழி காட்ட வேண்டும். மஞ்சள் மேலங்கி பக்கத்தில் வந்து தலையசைக்கும்வரை அவர் நகரக் கூடாது. ஆள் நிற்காத திருப்பத்தில் நேராகப் போக வேண்டும். இந்த இரண்டு விதிகளை வைத்துக்கொண்டுதான் அவர்கள் யாரையும் தொலைக்காமல் மலையெல்லாம் சுற்றினார்கள். சாப்பாட்டு மேஜையில் லாயிட் பெருமையாகச் சொல்வான், "நான் கண்ணாடியையே பார்க்கறதில்ல. பின்னாடி என் பொண்டாட்டி இருக்கா." எல்லோரும் சிரிப்பார்கள். ஹெதரும் சிரிப்பாள். அவள் கேட்க நினைத்தது ஒன்று, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒவ்வொரு தடவையும் வாய்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகும்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதம், அவள் புது வண்டி வாங்கினாள். நீல நிறத்தில் பெரிய ஸ்போர்ட் டூரர். பந்தய வண்டியின் நெஞ்சும் நெடும்பயணத்துக்கான முதுகும் ஒன்றாக அமைந்த வண்டி என்று பத்திரிகைகளில் எழுதியிருந்தார்கள். மூன்று வருஷமாக அந்தக் கட்டுரைகளைப் படித்துப் படித்து அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. பொத்தானை அழுத்தினால் முன்கண்ணாடி உயரும். வளைவில் பள்ளம் வந்தாலும் வண்டி கலங்காது. எந்த கியரில் திருகினாலும் இழுக்கும். கொட்டகையில் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு லாயிட் சொன்னது ஒன்றுதான்: "பந்தயத்துக்குப் போற குதிரைய வாங்கி, பால் வண்டி இழுக்க விடப் போற."

அது கேலிதான், குத்தல் இல்லை. அவளும் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் ஒரு மாதம் ஓட்டியபின், அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று பட்டது. கடைசி வண்டி, தனக்கு முன்னால் போகும் வண்டியின் வேகத்தில்தான் போக முடியும். முன்னால் போவது பெரும்பாலும் பெவ். பெவ் தன் ஸ்கூட்டரில், சாலையோரத்துப் பசுக்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு போவாள்.

மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை. பெர்ன்ஸ்டேல் பெட்ரோல் பங்கில் காலை எட்டு மணிக்குக் கூட்டம் கூடியது. பெவ் வந்து நீல வண்டியின் டாங்கைத் தட்டினாள்.

"ஏண்டி, இன்னிக்கு நீ பெஞ்சு ஏறணும், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"பொய் சொன்னா சாஸ் பாக்கெட் பறக்கும். போன வருஷம் கீரன் வாங்கின அடி தெரியும்ல?"

கிளப்பில் யார் புது வண்டி வாங்கினாலும், அடுத்து ஓமியோ போகும்போது, பேக்கரிக்கு வெளியே கிடக்கும் மர பெஞ்சின் மேல் ஏறி நின்று இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வாங்கும்போது என்ன எதிர்பார்த்தே? கிடைச்சுதா? கீரன் போன வருஷம் அரை மணி நேரம் தன் வண்டியைப் புகழ்ந்துவிட்டு இறங்கினான். வண்டி கிளம்பவே இல்லை.

"உண்மையைச் சொல்லு, எப்படி ஓடுது?" என்றாள் பெவ்.

"தெரியலையே பெவ்," என்றாள் ஹெதர். பெவ் அதை ஜோக் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

புரூத்தன் தாண்டியதும் சாலை ஆற்றோடு சேர்ந்துகொண்டது. வழக்கம்போல லாயிட் முன்னால், ஹெதர் பின்னால், நடுவில் பதினான்கு வண்டிகள். அவளுக்கு அவன் சிவப்பு ஹெல்மெட் எப்போதாவது எதிர் மலையின் வளைவில் ஒரு பொட்டாகத் தெரியும். முப்பத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவனை இவ்வளவு தூரத்திலிருந்து இவ்வளவு நேரம் பார்த்தது இந்தச் சாலைகளில்தான்.

என்சே பக்கத்தில் ஒரு பண்ணைக்காரர் மாடுகளைச் சாலைக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டிருந்தார். பெவ் தாண்டிவிட்டாள். ஹெதருக்கு முன்னால் மாடுகள். அவள் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவசரம் எதுவும் இல்லை. ஆள் நின்றுகொண்டிருப்பான், விதி அப்படி.

ஸ்விஃப்ட்ஸ் க்ரீக் திருப்பத்தில் ஆள் யாரும் நிற்கவில்லை.

விதிப்படி நேராகப் போனாள். ஊரைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு விரிந்தது. அங்கே சாலை நீளமாக, ஒளிவு மறைவில்லாமல் கிடக்கும். பதினைந்து வண்டிகளில் ஒன்றாவது தெரிய வேண்டும். தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மற்றவர்கள் இடப்பக்கம் திரும்பி, கசிலிஸ் வழியாகச் சுற்றுப்பாதையில் போயிருக்கிறார்கள். திருப்பத்தில் நிற்க வேண்டியவன் நிற்கவில்லை. அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

நிறுத்தித் தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள். மலைக்குள் சிக்னல் கிடையாது. திரும்பிப் போகலாமா என்று யோசித்தாள். இரண்டு சாலையும் ஓமியோவில்தான் சேர்கின்றன, இதுதான் குறுக்குவழி. திரும்பிப் போனால் குழப்பம்தான் கூடும். நியாயமாகவே யோசித்தாள். ஆனால் அந்த நியாயத்துக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததை அவள் கவனிக்காமல் இல்லை.

முதல் ஏற்றத்தில் ஒரு கேரவன் திணறிக்கொண்டிருந்தது. பழைய வண்டியாக இருந்தால் அடுத்த சமவெளிவரை அதன் புகையைக் குடித்துக்கொண்டே போயிருப்பாள். எதிர்ச்சாலை காலி என்று பார்த்துக்கொண்டு, கியரைக்கூட மாற்றாமல், ஆக்ஸிலரேட்டரை இலேசாகத் திருகினாள். வண்டி ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. அவ்வளவுதான், கேரவன் கண்ணாடியில் சிறிதாகிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்குள் யாரோ "அடேயப்பா" என்றார்கள். அவள்தான்.

பிறகு வளைவுகள். அவளுக்கு அந்த வளைவுகள் ஒவ்வொன்றாகத் தெரியும், ஆனால் இத்தனை வருஷமும் மற்றவர்கள் வரைந்த கோட்டில்தான் அவற்றில் சாய்ந்திருக்கிறாள். இப்போது எங்கே சாய்வது, எங்கே நிமிர்வது என்பதை அவளே முடிவு செய்தாள். மூன்றாவது வளைவின் நடுவில் தார் பெயர்ந்து ஒரு பள்ளம் இருந்தது. கட்டுரையில் எழுதியது நினைவுக்கு வருவதற்குள் வண்டி அதன்மேல் ஏறி இறங்கி, ஒன்றுமே நடக்காததுபோலப் போய்க்கொண்டிருந்தது. வேக எல்லையை அவள் தாண்டவே இல்லை. தாண்டத் தேவையும் இருக்கவில்லை. யூகலிப்டஸ் வாசனை ஹெல்மெட்டுக்குள் வந்தது, பின்னால் வருபவளுக்கு எப்போதும் வாய்க்கும் புகை வாசனை இல்லாமல்.

ஓமியோ பேக்கரி வாசலில் ஒரு வண்டிகூட இல்லை. கடைசி வண்டி முதலில் வந்துவிட்டது என்ற நினைப்பே அவளுக்குச் சிரிப்பை மூட்டியது. வெனிலா ஸ்லைஸ் என்ற கஸ்டர்ட் கேக் ஒன்று வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, விரலில் ஒட்டிய கஸ்டர்டை நக்கினாள்.

கால் மணி நேரம் கழித்து வண்டிகள் வந்தன. எண்ணினாள். சிவப்பு ஹெல்மெட் இல்லை.

"லாயிட் எங்க?"

டேமியன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவளைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். நாற்பது வயது பிளம்பர், கிளப்பில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. "நீங்க எனக்குப் பின்னாடிதான வந்தீங்க? திருப்பத்துல நிக்கறேன், தூரத்துல மஞ்சள் மேலங்கி, நீல வண்டி. நீங்கன்னு நெனச்சுக் கிளம்பிட்டேன். பத்து கிலோமீட்டர் வந்தப்புறம் கண்ணாடில பார்த்தா காணோம்."

"கிட்ட வந்து தலையசைக்கறவரைக்கும் நிக்கணும்னு எத்தனை தடவைடா சொன்னோம்?" என்றாள் பெவ். "அது யாரோ பண்ணைக்காரனா இருக்கும். மாட்டைப் பார்க்கப் போறவனை ஹெதர்னு நெனச்சு நீ பாட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்க. லாயிட் ஊர் எல்லைல எங்களை நிறுத்தி எண்ணினான். ஹெதர், நீ மட்டும் இல்ல. உடனே திரும்பிப் போயிட்டான்."

அவன் எங்கே போயிருப்பான், என்ன செய்துகொண்டிருப்பான் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கூப்பிட்டாள், மணி அடிக்கவில்லை. 'ஓமியோல இருக்கேன், நல்லா இருக்கேன்' என்று செய்தி அனுப்பினாள். அது போகாமல் அங்கேயே நின்றது. சாவியை எடுத்தாள். பெவ் அவள் கையைப் பிடித்தாள். "நீ இந்த வழியா, அவன் அந்த வழியான்னு நாள் பூரா சுத்தப் போறீங்களா? உக்காருடி."

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருஷம் கழித்து இந்த ஒரே ஒரு நாள் தனக்கென்று சாலை கிடைத்ததற்கு இவ்வளவு விலையா என்று நினைத்தாள். கேட்க நினைத்ததை இனி எந்த முகத்தோடு கேட்பது?

சிவப்பு ஹெல்மெட் தெருமுனையில் தெரிந்தது. லாயிட் மிக மெதுவாக வந்தான். அவளைப் பார்த்ததும் வண்டியை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டான். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். அவனை ஓரமாகக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். ஹெல்மெட்டை அவளே கழற்றிவிட்டாள். முழங்காலெல்லாம் செம்மண்.

"ஒவ்வொரு வளைவுலயும் இறங்கிப் பார்த்தேன்," என்றான்.

"தெரியும்."

"ஒரு இடத்துல சரளைல கோடு இருந்துச்சு. கீழ இறங்கிட்டேன், ஹெதர். கங்காரு இழுத்த கோடு."

"இந்த இடுப்பை வெச்சுக்கிட்டா இறங்கினே, முட்டாளே?"

அவன் சிரிக்கப் பார்த்தான். அது இருமலாகிப்போனது. அவள் தேநீர் வாங்கி வந்து கொடுத்தாள். பாதி குடித்தபின் அவன் பேசினான். "ஒண்ணு சொல்லவா? முன்னாடி போறப்ப நான் எதையுமே பார்த்ததில்ல. ரோட்டை மட்டும்தான். இன்னிக்குத்தான் ஓரத்தை எல்லாம் பார்த்தேன். புதர், பள்ளம், எல்லாம். நீ ஒன்பது வருஷமா இதையா பார்த்துட்டு வந்தே?"

அவள் குனிந்து அவன் முழங்காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டாள்.

"வண்டி எப்படி?" என்று கேட்டான். "தனியா வந்தியே. சொன்னபடி ஓடுதா?"

அதற்குள் பெவ் கைதட்ட ஆரம்பித்திருந்தாள். "போதும் போதும், கொஞ்சினது. பெஞ்சு! பெஞ்சு!" எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், பயந்துகொண்டு காத்திருந்த நேரத்தின் பாரத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே என்பதுபோல. கீரன் கையில் தக்காளி சாஸ் பாக்கெட்டுகளோடு தயாராக நின்றான். டேமியன் பரிகாரமாக அவள் ஏறுவதற்குக் கை கொடுத்தான்.

பெஞ்சின் மேலிருந்து பார்த்தால் தெரு முழுவதும் தெரிந்தது. தெருக்கோடியில் ஹாதம் மலைக்குப் போகும் சாலை வெயிலில் பளபளத்துக்கொண்டு ஏறியது.

"முதல் கேள்வி," என்றாள் பெவ். "வாங்கறப்ப என்ன எதிர்பார்த்தே?"

"நல்லா ஓடும்னு எதிர்பார்த்தேன்."

"கிடைச்சுதா?"

"ஒரு மாசமா கிடைக்கல. இன்னிக்குக் காலைல கிடைச்சுது. அவங்க எழுதினதைவிட நல்லாவே ஓடுது."

"அது எப்படி? ஒரு மாசம் வண்டி தூங்குச்சா?" என்றான் கீரன். ஒரு பாக்கெட் பறந்து வந்து அவள் பூட்ஸில் பட்டு விழுந்தது. சிரிப்பு. லாயிட் சிரிக்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்தபடி அவளையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்ததை இன்னும் முழுதாகக் கண்டுபிடிக்காதவன்போல.

ஹெதர் மஞ்சள் மேலங்கியின் ஜிப்பைக் கீழே இழுத்தாள். பழைய ஜிப், வழக்கம்போலப் பாதியில் சிக்கியது. இன்னொரு தடவை இழுத்தாள், வந்துவிட்டது. கழற்றி, அவன் பக்கமாகக் குனிந்து, நீட்டினாள். காற்றில் அது இருவருக்கும் நடுவில் படபடத்தது.

"லாயிட், மத்தியானம் நான் முன்னாடி போறேன். நீ கடைசில வர்றியா?"