வெளியேறிய வல்லமை

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்குக் கருத்தரங்கில் எல்வின் கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. காலை எட்டு மணிக்கு அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சாரா சமையலறையிலிருந்து வந்து கதவோரம் சாய்ந்து நின்றாள்.

“ஏனுங்க, எந்திரிச்சதிலிருந்து ஒரு அசைவையும் காணோமுங்க.”

அவளுக்கு எட்டாம் மாதம் முடியும் தறுவாய். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துத் தங்கிய முதல் பிள்ளை. தினமும் காலை ஏழு மணி வாக்கில் அதற்கு விக்கல் வரும். சாராவின் வயிற்றுக்கு மேலே சேலை துள்ளும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்வின் பல் துலக்கவே போவான். அன்றைக்குக் கட்டுரையைத் திருத்துகிற அவசரத்தில் பார்க்கவில்லை.

“தூங்குதாட்டம் இருக்குது. பால்ல சர்க்கரை போட்டுக் குடிச்சிட்டு இடதுபக்கமாப் படு. ஒரு மணிக்குள்ள எனக்கு முடிஞ்சிரும். வந்ததும் சேலம் போயி டாக்டரைப் பார்த்திரலாம்.”

“செரிங்க,” என்று சாரா உள்ளே போனாள்.

எல்வின் ஏற்காட்டில் குருமாணவர்கள் படிக்கும் ஒரு மடத்தில் மெய்யியல் வாத்தியார். ஒரு காலத்தில் அவனும் அங்கே சாமியாராகப் போனவன்தான். பாதியில் வெளியே வந்து, நாகலூரில் காப்பி எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவரின் மகள் சாராவைக் கட்டிக்கொண்டு, பழைய இடத்துக்கே பாடம் நடத்தத் திரும்பினான். சாரா நாகலூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர்.

அவன் எழுதியிருந்தது ஒரே ஒரு கிரேக்கச் சொல்லைப் பற்றி. டுனாமிஸ். கிரேக்க ஞானிகளுக்கு அது ஒரு பொருளுக்குள் உறங்கும் ஆற்றல். விதைக்குள் இருக்கும் மரம். இன்னும் ஆகவில்லை, ஆனால் ஆகக்கூடியது. அதே சொல்லைக் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டபோது அர்த்தம் திரும்பிவிட்டது. அது உள்ளே உறங்குவதல்ல, வெளியிலிருந்து வருவது. திராணியற்றவனிடம் வந்து தங்கும் வல்லமை. நெரிசலில் ஒரு நோயாளிப் பெண் இயேசுவின் ஆடையைத் தொட்டதும் அவரிடமிருந்து வெளியேறியதாகச் சொல்லப்படுவதும் அதே சொல்தான். மூன்று மாதமாக இதை எழுதி எழுதிச் சாராவிடம் வாசித்துக் காட்டியிருந்தான். அவள் முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு கேட்பாள்.

“விதைக்குள்ள மரம் இருக்குதுங்கறதுக்குக் கிரேக்கர் எதுக்குங்க? எங்கப்பா காப்பி நாத்தாங்கால்ல நின்னு தினம் அதத்தான சொன்னாரு,” என்று சிரிப்பாள்.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எல்வின் நன்றாகவே வாசித்தான். கைதட்டினார்கள். முடிந்ததும் ஒரு வயதான பேராசிரியர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சாப்பாட்டு மேசை வரைக்கும் கேள்வி வந்தது, அவனும் பதில் சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். இவ்வளவு பேர் தன்னைக் கவனித்துக் கேட்பது அவனுக்கு அதற்கு முன் நடந்ததில்லை. மௌனத்தில் வைத்திருந்த செல்போனை எடுத்தபோது ஒன்றே முக்கால். சாராவிடமிருந்து இரண்டு அழைப்புகள், பன்னிரண்டு பத்துக்கு ஒன்று, பன்னிரண்டு நாற்பதுக்கு ஒன்று.

வீட்டுக்கு வந்தபோது அவள் செருப்புப் போட்டு, மாத்திரைப் பையை மடியில் வைத்து, வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மடத்துக் காரில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கினார்கள். வழி நெடுகக் காப்பி பூத்திருந்த வாரம் அது.

சேலத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். நீண்ட நேரம் தேடினார். பிறகு சாராவின் கையைப் பிடித்து, “துடிப்பு இல்லம்மா,” என்றார்.

எல்வின் அவரைத் தனியே நிறுத்திக் கேட்டான். “காலையிலேயே வந்திருந்தா?”

“கொடி கழுத்துல ரெண்டு சுத்து சுத்தியிருக்கு. நேத்தே நின்னிருக்கலாம், காலையிலயும் நின்னிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது சார்.”

அவர் ஆறுதலுக்காகச் சொன்னதுதான். அவனுக்கோ அந்த ‘லாம்’ நெஞ்சில் மீன்முள்ளாக நின்றுவிட்டது.

வலி வரவழைத்து, மறுநாள் மத்தியானம் பிள்ளை பிறந்தது. பெண். தலை நிறைய முடி. சாந்தி என்ற நர்ஸ் அதைக் குளிப்பாட்டி, ரோஸ் துணியில் சுற்றிச் சாராவிடம் கொடுத்து, “எவ்வளவு நேரம் வேணும்னாலும் வெச்சுக்க கண்ணு,” என்றாள். சாரா விரல் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மிரியம் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்வின் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றான். பிள்ளையை வாங்க அவன் கை நீளவில்லை.

வியாழக்கிழமை ஏற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பங்குத்தந்தை ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கான ஜெபத்தைச் சொன்னார். பெட்டியை எல்வினே சுமந்து போனான். அவன் மடத்துக்குக் கொண்டுபோகும் புத்தகப் பை அதைவிடக் கனமாக இருக்கும்.

சனிக்கிழமை பங்கின் ஜெபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் ஜெபமாலை சொல்ல வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி ஜெயமேரி அக்கா. நல்ல மனசுக்காரி; மூன்று நாளாகச் சோறு அவள் வீட்டிலிருந்துதான் வந்தது. ஜெபம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“வல்லமை உள்ள ஆளுங்க வந்து கை வெச்சு ஜெபிச்சிருந்தா ஆண்டவர் உசுரைக் குடுத்திருப்பாரு தம்பி. நீங்க படிச்சவங்க, அதெல்லாம் நம்ப மாட்டீங்க.”

எல்வினுக்குச் சுருக்கென்றது. நான்கு நாளாக வாயைத் திறக்காதவன் பேச ஆரம்பித்தான்.

“வல்லமைங்கறது மந்திரம் இல்லீங்கக்கா. குழந்தைங்கறது இன்னும் ஆகாத ஒண்ணு. ஆகக்கூடிய ஒரு ஆற்றல், அவ்வளவுதான். எல்லா விதையும் மரமாகறதில்லை. முழுமைக்கு வராமலே ஒரு ஆற்றல் நின்னு போறது இயற்கையில உள்ளதுதான். அதுக்கு யாரு மேலயும்…”

யார் மேலும் குற்றமில்லை என்று முடிக்கத்தான் வந்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனையும் சொன்னான். அதற்குள் சாரா உள் அறையிலிருந்து சுவரைப் பிடித்து நடந்து வந்தாள்.

“என்னங்க சொன்னீங்க?”

அவன் எழுந்தான். “சாரா, நீ எதுக்கு எந்திரிச்சு வந்த?”

“ஆகாத ஒண்ணா? அவளுக்கு விக்கல் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல பெல் அடிச்சாத் துள்ளுவா. நீங்க ஊட்டுக்குள்ள நுழைஞ்சு பேசுனா உங்க பக்கமாத் திரும்புவா. எட்டு மாசம் இருந்தாளுங்க. அதுதான் அவ ஆயுசு. அதை முழுசா வாழ்ந்துட்டுப் போயிட்டா. எம்பிள்ளையைப் போயி ஏதோ ஆகப்போற சாமானாட்டம் பேசாதீங்க.”

கத்தவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற அதே நிதானம். ஜெயமேரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் எல்வின் கவனித்தான், சாராவின் நைட்டி முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. பால் இறங்கியிருந்தது.

பெண்கள் போன பிறகு அவள் கட்டிலில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. பாலை வற்ற வைக்க டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை மேசையிலேயே கிடந்தது, பிரிக்கவில்லை.

“அந்த நர்ஸக்கா சொன்னாங்க,” என்றாள். “குறைமாசத்துல பொறந்த பிள்ளைங்களுக்குத் தாய்ப்பால் வங்கி இருக்குதாம். விருப்பம் இருந்தாக் குடுக்கலாம்னாங்க. நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“உடம்பு இருக்கற நெலமையில வேண்டாம் சாரா.”

“இது அவளுக்குன்னு வந்ததுங்க. கீழ ஊத்த மாட்டேன்.”

போனார்கள். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். பால் எடுக்கும் பம்பும் கொதிக்க வைத்த பாட்டில்களும் கொடுத்து, வீட்டிலேயே எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம் என்றார்கள். அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் எல்வின் முதல் பஸ்ஸில் சேலம் இறங்கினான். ஐஸ் வைத்த பெட்டி மடியில் இருக்கும். வளைவுகளில் ஆடாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வான். மகளை ஒருமுறைகூட அப்படி அணைக்கவில்லையே என்பது முதல் நாளே மூன்றாவது வளைவில் நினைவுக்கு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர், “ஏனுங்க, உடம்பு செரியில்லீங்களா?” என்று கேட்டார்.

ஒவ்வொரு முறை பால் எடுத்து முடித்ததும் சாரா வெளிறிப்போய்ச் சுவரில் சாய்ந்துவிடுவாள். அதைப் பார்த்த எல்வினுக்குத் தன் கட்டுரை நினைவுக்கு வந்தது. வல்லமை எங்கிருந்து வந்தது, எந்தத் திசையில் போனது என்று பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தான். தொட்டவள் சுகமானாள் என்று எழுதியிருந்தான். வெளியேறிய பிறகு அதைக் கொடுத்தவருக்கு உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதவில்லை. கேட்கவே தோன்றவில்லை. கருத்தரங்கக் கட்டுரைகளை மலராக அச்சிடப்போகிறோம், உங்களுடையதை அனுப்புங்கள் என்று மடத்திலிருந்து வந்த கடிதத்துக்கு, வேண்டாம் என்று பதில் போட்டான்.

ஒருநாள் சாந்தி அவனைக் குறைமாதப் பிள்ளைகள் வார்டின் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி உள்ளே காட்டினாள். கையளவு பிள்ளை ஒன்று, மூக்கில் குழாயோடு, பாலாடையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தது. ஏற்காட்டு மலையிலேயே கொட்டச்சேடு ஊர்க்காரர் பிள்ளை, பெற்றவள் இன்னும் மயக்கம் தெளிந்து கண் திறக்கவில்லை என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னான்.

“எவ்வளவு குடிச்சுது?” என்று கேட்டாள் சாரா.

“பத்து மில்லி.”

“அவ்வளவுதானா?”

“அதுக்கு வயிறே அவ்வளவுதானாம்.”

சாரா முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலும் கல்லறையிலும் அழாதவள் அப்போது அழுதாள். எல்வின் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலில் நெற்றியை வைத்தான்.

“அன்னிக்குக் காலையில நீ சொன்னப்பவே கிளம்பியிருக்கணும். நான் கட்டுரை படிக்கப் போயிட்டேன். ரெண்டு தடவை கூப்பிட்டிருக்க. என்னை மன்னிச்சிரு சாரா.”

சாரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் தலைமேல் கையை வைத்தாள், பிறகு எடுத்துவிட்டாள்.

“செரிங்கன்னு சொன்னவ நானுந்தான. ஆட்டோ புடிச்சு நானே போயிருக்கலாம். அதை நெனச்சு நெனச்சுத்தான் சாகறேன்,” என்றாள். “உங்களை மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்னு நொம்ப ஆசையா இருக்குதுங்க. நெஜமாத்தான். ஆனா வரமாட்டேங்குது. அதுக்கு எங்கிட்ட சக்தி இல்ல.”

“பரவால்ல,” என்றான் எல்வின்.

பத்தொன்பதாம் நாள் பால் நின்றது. காலையில் அரை மணி நேரம் முயன்றும் பாட்டில் அடியை மறைக்கிற அளவுதான் வந்தது. சாரா மூடியை இறுக்கித் துடைத்து அவனிடம் நீட்டினாள். “கொண்டு போயிக் குடுத்திருங்க,” என்றாள். இதற்காகவா என்று அவன் கேட்கவில்லை. ஐஸ் நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினான்.

சாந்தி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “இது ஒரு வேளைக்குக்கூடப் பத்தாதே சார்,” என்று சொல்ல வந்தவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பேனாவை எடுத்துப் பேரும் தேதியும் எழுதி ஒட்டி, மற்ற பாட்டில்களோடு வைத்தாள்.

வீடு வந்து சேர்ந்தபோது மத்தியானம். சாரா பம்பைக் கழுவித் துணியில் கவிழ்த்து வைத்திருந்தாள். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

“வாங்கிக்கிட்டாங்களா?”

“வாங்கிக்கிட்டாங்க.”

“இனி அவளோடது எதுவும் எங்கிட்ட இல்லீங்க,” என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்வின் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். தொடலாமா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் முதுகு குலுங்கத் தொடங்கியதும் கையை வைத்தான். அவள் விலக்கவில்லை, திரும்பவும் இல்லை. மூன்று மணிக்கு அவனுக்கு வகுப்பு இருந்தது. அன்றைக்குப் போகவில்லை.