ஒரே குழாயில் ரெண்டு பேர்

என் புருஷன் இருளப்பன் தங்கமான மனிதர். அந்தத் தங்கம் செய்த வேலையில் நான் கொலைகாரி ஆகாமல் தப்பியது மாரியம்மன் புண்ணியம்.

நான் புனிதா. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லோரிக்குப் பதினோரு வருஷமாக நான்தான் டிரைவர். போன வருஷம் இடுப்பு எலும்பு பிசகி, கிளினிக்கில் ட்ராமடோல் என்ற வலி மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று போடச் சொன்னால் நான் நாலு போட்டேன். வலி போன பிறகும் விடவில்லை. ஒரு நாள் ஸ்டியரிங்கிலேயே கண் சொக்கி, லோரி வாய்க்காலில் இறங்கியது. தோட்ட மேனேஜர் துரை சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டர் துணையோடு அதை விட்டேன். வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகளை இவரிடம் கொடுத்து, "ஆத்துல வீசிடுங்க" என்றேன். நாற்பது நாள் நடுங்கினேன், வேர்த்தேன், இவரை வாயில் வந்தபடி திட்டினேன். மனிதர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. ஐந்து மாதமாயிற்று. துரை மட்டும் நம்பவில்லை. "யூரின் டெஸ்ட் ரெண்டு மூணு நாள் கதைதான் சொல்லும், புனிதா" என்பார். லோரியை வேறொருவன் கியர் கதறக் கதற ஓட்டினான். கேட்டு எனக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் கோலாலம்பூரிலிருந்து ஆராய்ச்சிக் குழுவோடு சசிரேகா வந்தாள். எச்சில் வேண்டுமாம்!

"மாத்திரையைத் தேடலக்கா. பல வாரம் சாப்பிட்டா ஒடம்புல சில புரதம் கூடும், சிலது கொறையும். அது எச்சில்ல தெரியுதான்னு பாக்குறோம். இன்னும் ஆராய்ச்சிதான். முடிவ ஒங்க கையிலதான் தருவேன்."

ஓடினேன் துரையிடம். "என் எச்சி சுத்தம்னா சாவி தருவீங்களா?"

"கொண்டா லா, பாப்போம்."

எச்சில் எடுக்கும் அன்றைக்கு, அதற்கு முன் ஒரு மணி நேரம் எதையும் மெல்லக் கூடாது. சின்னக் குழாய், கோடு வரை நிரப்ப வேண்டும். எங்கள் லயத்து வீடுகளில் நான் வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்று பெயர். அன்றைக்குப் பார்த்துப் பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாதி கூட நிறையவில்லை. அதற்குள் பிரஷர் பார்க்கக் கூப்பிட்டார்கள். குழாயை இவர் கையில் திணித்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது குழாய் ஐஸ் பெட்டிக்குள் போயிருந்தது.

"போதும்னாங்களா?"

"எல்லாம் நெறைஞ்சிருச்சி" என்று கண்ணடித்தார்.

மூன்று வாரம் கழித்து சசிரேகா எங்கள் வீட்டுக்கே வந்தாள். முகம் சரியில்லை. "அக்கா, மாத்திரை சாப்பிடறவங்களோட அடையாளம் இதுல இருக்கு."

ஆத்தா மேல் சத்தியம் செய்தேன், அழுதேன், அவளிடமும் கத்தினேன்.

"இருங்கக்கா. குழாய் லேசா செவப்பா இருந்துச்சி. நீங்க வெத்தல போடுவீங்களா?"

நான் போடுவதில்லை. மெல்லத் திரும்பினேன். வாசலில் சிவந்த வாயோடு ஒருவர் தகரக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"யோவ்!"

"பாதிதானே இருந்துச்சி, புனிதா! கல்யாணத்தன்னிக்கு ஒரே எலையில சாப்பிட்டோம். ஒன் எச்சி வேற, என் எச்சி வேறயா?"

சசிரேகா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றது. சிவப்பு வெற்றிலையால் வந்தது. அந்த அடையாளம்?

"மாத்திரைய ஆத்துல போட்டீங்களா இல்லயா?"

"போடத்தான் போனேன். முட்டி வலியில உயிர் போச்சி. ஒண்ணே ஒண்ணுன்னு..."

அந்த ஒண்ணே ஒண்ணு எனக்குத் தெரியாதா? தீர்ந்ததும் கிளினிக்கில் போய் வாங்கியிருக்கிறார், ஐந்து மாதமாக.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நீ அந்த நடுக்கம் நடுங்கிக் கெடந்தப்ப, எனக்கு வலிக்குதுன்னு எப்படிடி சொல்றது?"

அவர் முட்டியைத் தடவிக்கொண்டே முதுகில் இரண்டு போட்டேன்.

மறுபடி எங்கள் ரெண்டு பேரிடமும் தனித்தனியே எச்சில் எடுத்தார்கள். இவரைக் காலையில் பேர் கூப்பிடும் மஸ்டர் கொட்டகையின் அந்தக் கோடியில் நிறுத்தி, நடுவில் சசிரேகா காவல். இந்த முறை என் குழாய் வழிந்தது. முடிவு வந்தது: எனக்கு அடையாளம் இல்லை, இவருக்கு அப்படியே இருக்கிறது. துரை என் தாளை இரண்டு தரம் படித்துவிட்டுச் சாவியை நீட்டினார். நான் குதித்த குதியில் கணக்கெழுதும் கிராணியின் காப்பி கவிழ்ந்தது. ஸ்டியரிங்குக்கு முத்தமே கொடுத்தேன்.

துரையிடம் சொல்லிவிட்டு, முதல் ஓட்டம் கொழுந்துக்கில்லை, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு. இவர் பக்கத்தில் புது மாப்பிள்ளை மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"பயமா இருக்கு, புனிதா."

"இருக்கும். நாப்பது நாள் நான் திட்டுனத நீங்க வாங்கிக்கிட்டீங்க. இப்ப ஒங்க மொற. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க."

மூன்று வளைவு கடந்தன. நாலாவது வளைவில் வாயைத் திறந்தார்.

"மெதுவா ஓட்டு, எருமை!"

ஹாரனை அழுத்தியபடி சிரித்தேன். முப்பத்தொன்பது நாள் பாக்கி.