இறங்கும் உயரம்

பட்டறை வரிசையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லெவல்காரர் என்றால்தான் தெரியும். எந்த வண்டி வந்தாலும் முதலில் நான்கு சக்கரத்துக்கும் மேலே இருக்கிற இடைவெளியை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "லெவல் இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குவார். வந்தவர் பிரேக் பிடிக்கவில்லை என்று வந்திருப்பார் பாவம். அதெல்லாம் பிறகு, முதலில் லெவல்.

வண்டியைத் தாழ்த்தித் தரச் சொல்லி வருகிற இளவட்டங்களுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். வண்டி தரையை நக்குகிற மாதிரி இருக்க வேண்டும், அதுவும் சாயங்காலத்துக்குள் வேண்டும். "ஸ்பிரிங்ல ரெண்டு சுத்தை அறுத்து எடுத்துடுங்க, வேலை முடிஞ்சுது" என்பார்கள். செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுகிற கதை. அறுத்த ஸ்பிரிங் தன் இடத்தில் ஒழுங்காக உட்காராது. பழைய ஷாக் அப்சார்பர் எந்நேரமும் பாதி அமுங்கியே கிடந்து சீக்கிரம் சாகும். வளைவில் வேகமாகத் திருப்பினால் வண்டி ஒரு பக்கம் போகும், ஓட்டுகிறவன் ஒரு பக்கம் போவான். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்வார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த பட்டறைக்குப் போய் அறுத்துக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் தன் சொந்த வண்டியைத் தாழ்த்தப் போகிறார் என்றதும் வரிசையே வாயைப் பிளந்தது. "தலை நரைச்சாலும் ஆசை நரைக்கலை பாரு" என்று பக்கத்துப் பட்டறை பெயின்டர் சிரித்தார். காரணம் வீட்டில் இருந்தது.

அவர் மனைவிக்குத் தொடைச் சதை கரைகிற வியாதி. மருந்து கிடையாது என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். நிற்க வைத்தால் நிற்பாள், சமதரையில் கைத்தடி ஊன்றி நடப்பாள். காலைத் தூக்கத்தான் முடியாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தபடி செய்கிற வேலை. கண்ணும் கையும் சரியாக இருக்கும்போது எதற்கு வீட்டில் உட்கார வேண்டும் என்பாள். கடைக்குப் போகிற வரைக்கும்தான் தனக்கு வியாதி இல்லை என்பது அவள் கணக்கு.

அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்திருந்தாள்.

"என்னை யாரும் தூக்கக் கூடாது. தூக்கின அன்னைக்கு நான் மனுஷி இல்லை, சாமான். சாமானை எவனும் வேலைக்கு வெச்சுக்க மாட்டான். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அவர் சரி என்றார். அவளிடம் சரி என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

அவர்கள் வண்டி பழையது, உயரமானது. ஏறும்போது கதவின் அடிப்பகுதியில் அவளுடைய கணைக்கால் தினமும் இடித்தது. ஒரே இடத்தில் இடித்து இடித்துப் புண் ஆறவே இல்லை. இறங்குவதில் தொந்தரவு கிடையாது. சீட்டின் ஓரத்துக்கு வந்து நழுவினால் கால் தரையைத் தொடும், நின்றுவிடுவாள். ஆக, வேண்டியதெல்லாம் ஏற ஒரு வழி. வண்டி நாலு விரல் கீழே இறங்கினால் போதும் என்று லெவல்காரர் கண்டுபிடித்தார்.

இறக்குகிற வேலையை ஒரு கல்யாணம் போலச் செய்தார். அந்த வண்டிக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங், அதற்கு ஜோடியான குட்டை ஷாக் அப்சார்பர், அடியில் இடிக்காமலிருக்க அளவாகச் செதுக்கிய ரப்பர் தடுப்பு. வண்டி அந்தரத்தில் தொங்கும்போது ரப்பர் புஷ்ஷைப் பிடிக்கிற போல்ட்டை முறுக்குகிறவனைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். கீழே இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும் என்பார். அதனால் நான்கு சக்கரமும் தரையில் நிற்க, சீட்டில் தன் எடைக்கும் அவள் எடைக்கும் மணல் மூட்டை வைத்து, வண்டி நிஜமாகவே ஆள் ஏறின மாதிரி அமுங்கின பிறகுதான் முறுக்கினார். சக்கரங்களின் அலைன்மென்ட் பார்த்தார். ஹெட்லைட்டின் வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணில் விழாமல் திருத்தினார்.

"என் எடையைப் பட்டறைக்கே சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"மூட்டைகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

மறுநாள் காலை அவள் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, முதுகைக் காட்டித் திரும்பி, பின்னால் சாய்ந்தாள். சீட் அவளை வாங்கிக்கொண்டது. காலை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து உள்ளே வைத்தாள். எதுவும் இடிக்கவில்லை. வழியெல்லாம் வண்டி கம்பளத்தில் உருட்டின மாதிரி போனது. அவர் வளைவில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகத் திருப்பிக் காட்டினார். "போதும் உங்க வித்தை" என்று அவள் சொன்னாலும் முகத்தில் சிரிப்பு இருந்தது.

கடை வாசலில் நிறுத்தினார். அவள் காலை வெளியே வைத்தாள், தடியை ஊன்றினாள், எழப் பார்த்தாள். எழவில்லை. மறுபடியும் உந்தினாள். இடுப்பு சீட்டை விட்டு ஒரு விரல்கூட அசையவில்லை. அவ்வளவு தாழ்வான இடத்திலிருந்து எழுந்து நிற்கிற தொடை அவளிடம் இல்லை.

லெவல்காரர் இறங்கி அவள் பக்கம் வந்து நின்றார். வீட்டில் அவள் எழுவதற்காகக் கட்டில் காலுக்குக் கட்டை வைத்தவர் அவர். நாற்காலியை உயர்த்தினவரும் அவரே. எல்லாவற்றையும் மேலே தூக்கிய மனிதர், வண்டி என்று வந்ததும் கீழே இறக்கிவிட்டார். ஊருக்கெல்லாம் லெவல் சொன்ன மண்டைக்கு, ஏறுகிறவள் இறங்கவும் வேண்டும் என்பது உறைக்கவில்லை.

கடைக்காரப் பெண் ஓடி வந்தாள். "அக்கா, ஒரு கை பிடிக்கட்டுமா?"

"வேண்டாம்மா" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

பிறகு என்ன தோன்றியதோ, லெவல்காரர் டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுத்தார். அவள் பக்கத்து விளிம்புக்குக் கீழே தள்ளி, தெருவில் மண்டியிட்டு அழுத்த ஆரம்பித்தார். வண்டி அவளோடு சேர்ந்து மெல்ல மேலே வந்தது. உள்பக்கமாகச் சாயாமலிருக்க அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம்" என்றாள். "இன்னும்." ஒரு உயரத்தில் தடியை ஊன்றி, யாரும் தொடாமல், எழுந்து நின்றாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் கடைக்குள் போனாள்.

அன்று முதல் அதுவே வழக்கமானது. காலையில் கடை வாசலில் ஒரு தடவை, சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு தடவை. போகிறவர்கள் "பஞ்சரா அண்ணே?" என்று கேட்பார்கள். "ஆமா, பஞ்சர்" என்பார். தினம் பஞ்சராகிற வண்டியை வைத்திருக்கிற மெக்கானிக் என்ன மெக்கானிக் என்று பெட்டிக்கடைக்காரர் நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும். அவள் தன் காலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், அது போதும்.

ஆனால் முன்பு எழுந்த உயரத்தில் அவளால் எழ முடியாத காலை ஒன்று வந்தது. இன்னொரு அழுத்து அழுத்தினார். கொஞ்ச நாளில் அதற்கும் மேல் இன்னொன்று. வீட்டில் கட்டிலுக்கும் கட்டை ஏறியது, கடையில் ஸ்டூலுக்கு மெத்தை ஏறியது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் மட்டும் ஜாக்கி கைப்பிடியை அழுத்தும்போது மனதுக்குள் எண்ணுவார், எண்ணிக்கை நேற்றைவிடக் கூடிக்கொண்டே வரும். டாக்டர் சொன்னதை அவர் காது கேட்டிருந்தது, கைதான் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை மேகமூட்டமாக இருந்தது. கடை வாசலில் வழக்கம்போல மண்டியிட்டு அழுத்தினார். வண்டி சாய்ந்துகொண்டே மேலே வந்தது, அவள் பக்கத்துச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது.

"நில்லுங்க" என்றாள். "கால் எட்டலை."

அவள் செருப்பு நுனிக்கும் தரைக்கும் நடுவே காற்று இருந்தது. கொஞ்சம் இறக்கினார். கால் பட்டது, உந்தினாள், எழ முடியவில்லை. கொஞ்சம் ஏற்றினார். எழக்கூடிய உயரம், ஆனால் கால் தொங்கியது. மறுபடி இறக்கினார், மறுபடி ஏற்றினார். காலுக்குக் கீழே பலகை போடலாமா என்று கை டிக்கிக்குப் போய், பாதியில் நின்றது. பலகை போட்டால் சீட்டை இறக்கின மாதிரிதான். உயரக் கணக்கில் அவரை ஏமாற்ற அவராலேயே முடியாது. அவள் எழுந்து நிற்கிற உயரம் என்று ஒன்று இனி எந்த வண்டியிலும் இல்லை.

கடைக்காரப் பெண் வாசலில் வந்து நின்றாள். இந்தத் தடவை ஓடி வரவில்லை.

"எனக்கு இன்னைக்கு லீவு போட்டுடும்மா" என்றாள் அவள். "அந்த வட்ட ஃபிரேம் மேஜையிலேயே இருக்கு. வலது கண் லென்ஸை மாத்திப் போட்டுடாதே."

லெவல்காரர் ஜாக்கியை இறக்கி உள்ளே போட்டார். அவள் காலைப் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டதும், ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

"வீட்டுக்கா?" என்று கேட்டார்.

"வீட்டுக்குப் போனா மட்டும் எப்படி எறங்குவேன்?"

அவர் சாவியைப் போட்டார், திருகவில்லை.

"தூக்கத்தான் போறீங்க. வேற என்ன பண்ண முடியும்?" கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் அவரைக் கொன்றது. "வண்டியில பெட்ரோல் எவ்வளவு இருக்கு?"

"கொஞ்சம்தான்."

"அது தீர்ற வரைக்கும் சுத்துங்க. அப்புறம் தூக்கிக்கோங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வண்டியை எடுத்தார். கடைத்தெருவைத் தாண்டி, பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டி, ரயில்வே கேட் வரை போய்த் திரும்பினார். பட்டறை வரிசை வழியாகப் போனபோது பெயின்டர் கையை ஆட்டினார், அவளும் ஆட்டினாள். பார்க்கிறவர்களுக்கு நல்ல வண்டியில் சாவகாசமாக ஊர் சுற்றுகிற புருஷன் பெண்டாட்டி. வேகத்தடையில் இடிக்கவில்லை. வளைவில் சாயவில்லை.

"நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள் அவள். "குலுங்கவே இல்லை."

அவருக்கு அழுகை வந்தது. அடக்கவும் இல்லை. வாழ்நாளில் அவர் செய்த வேலைகளிலேயே உருப்படியானது இதுதான். அதில் உட்கார்ந்திருக்கிறவரைக்கும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவைத் திறந்தால் எல்லாம் ஆகிவிடும். அவள் தன் முந்தானையால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "ரோட்டைப் பாருங்க" என்றாள்.

பெட்ரோல் முள் அடியில் போய் ஒட்டியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் பார்த்தார்கள், இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். வீட்டுக்குத் திரும்புகிற முனை வந்தது. அவர் திரும்பாமல் நேராகப் போய், பெட்ரோல் பங்க்குக்குள் நுழைந்து நிறுத்தினார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பங்க் ஆள் குனிந்து கேட்டார். "எவ்வளவு அண்ணே?"

"ஃபுல்லா போடுங்க" என்றார் லெவல்காரர்.